சித்திக்குச் சொன்ன ஃபெடிவர்ஸ்

கணக்கு டீச்சராக இருந்து ஓய்வுபெற்றவர் என் சித்தி. அவருக்கு டெரன்ஸ் டாவோ எழுதுவதைப் படிக்க வேண்டும். டாவோ 2006-ல் ஃபீல்ட்ஸ் பதக்கம் வாங்கிய கணித மேதை, இணையத்தில் மாத்ஸ்டடான் என்ற இடத்தில் எழுதுகிறார். சித்தி தானாகவே தேடிப் பிடித்துப் போய்விட்டார். பக்கம் திறக்கிறது, பதிவுகள் தெரிகின்றன, ‘பின்தொடர்’ பொத்தானும் இருக்கிறது. சில வாரங்களுக்கு முன்தான் நான் அவருக்கு வேறொரு சர்வரில், ட்விட்டர் மாதிரி சின்னப் பதிவுகள் எழுதும் மாஸ்டடான் கணக்கு தொடங்கிக் கொடுத்திருந்தேன், இந்தப் பக்கமும் பார்க்க அச்சு அசலாக அதே மாதிரி இருந்ததால், தன்னுடைய மின்னஞ்சலையும் கடவுச்சொல்லையும் போட்டு உள்ளே நுழையப் பார்த்திருக்கிறார். தவறு என்று வந்திருக்கிறது. மூன்று முறை முயன்றுவிட்டு எனக்கு போன்.

“ஏண்டா, பாஸ்வேர்ட் சரியாத்தான் போடுறேன், ஒத்துக்கவே மாட்டேங்குது. எதுக்கும் நீ ஒரு தடவை போட்டுப் பாரேன்.”

பாஸ்வேர்ட் சரி. வாசல்தான் தப்பு. ஆனால் அந்த ஒரு வரியைப் புரியவைக்க மொத்த ஃபெடிவர்ஸையும் விளக்க வேண்டியிருந்தது, அன்றைக்கு போனில் முக்கால் மணி நேரம் போனது. அதைத்தான் இங்கே கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன்.

முதலில் ஒரு புகார். இந்த விஷயத்தை விளக்குகிறவர்கள், நானும் சேர்த்துத்தான், எடுத்த எடுப்பில் அதிகாரப் பரவல், நெறிமுறை, தரவு சுதந்திரம் என்று ஆரம்பித்துவிடுவோம். கேட்கிறவருக்கு அதெல்லாம் வேண்டாம். அவர் கேட்பது, இன்னாரை நான் எப்படிப் படிப்பது, நான் எழுதினால் யாருக்குத் தெரியும், இவ்வளவுதான். சித்திக்கு நான் போனிலிருந்தே ஆரம்பித்தேன், கையில் அதுதானே இருந்தது.

சித்தியிடம் இருப்பது பி.எஸ்.என்.எல். சிம். என்னிடம் ஏர்டெல். அவர் எண்ணைப் போட்டால் அவருக்கு மணி அடிக்கிறது, இதை யாரும் அதிசயமாக நினைப்பதில்லை. ஏர்டெல்காரர் ஏர்டெல்காரரோடு மட்டும்தான் பேச முடியும் என்று இருந்திருந்தால் ஆளுக்கு மூன்று போனைத் தூக்கிக்கொண்டு அலைந்திருப்போம். சமூக வலைத்தளங்களில் அந்த அலைச்சலைத்தான் வாய்மூடிப் பொறுத்துக்கொண்டிருக்கிறோம். எக்ஸில் எழுதுகிறவரை ஃபேஸ்புக்கில் இருந்துகொண்டே பின்தொடர முடியாது, அங்கே போய்த் தனிக்கணக்கு தொடங்க வேண்டும். இதற்குத் தொழில்நுட்பக் காரணம் எதுவும் கிடையாது. அந்தக் கம்பெனிகளுக்கு அதில் ஆர்வம் இல்லை, அவ்வளவுதான்.

ஃபெடிவர்ஸ் என்பது போன் மாதிரி இயங்கும் சமூக வலைத்தளம். ஆயிரக்கணக்கான சர்வர்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றையும் வேறு வேறு ஆட்கள் நடத்துகிறார்கள். ஒன்றைப் பல்கலைக்கழகம், ஒன்றை அரசாங்கம், ஒன்றை நாலு நண்பர்கள், இன்னொன்றைத் தன் வீட்டு மூலையில் ஒற்றை ஆள். நீங்கள் ஏதாவது ஒன்றில் கணக்கு வைத்திருந்தால் போதும், மற்ற சர்வர்களில் இருப்பவர்களைப் பின்தொடரலாம், பதில் எழுதலாம், வம்பும் இழுக்கலாம். சர்வர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் பொது மொழிக்கு ஆக்டிவிட்டிபப் என்று பெயர். இணையத் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2018 ஜனவரியில் அதைத் தரநிலையாக வெளியிட்டது. அந்தப் பெயரை நீங்கள் மறந்துவிடலாம். உங்கள் அழைப்பு எந்த நெறிமுறையில் போகிறது என்று தெரிந்துகொண்டா போன் பேசுகிறீர்கள்?

அடுத்த குழப்பம் பெயரில். மாஸ்டடான் என்பது ஒரு தளத்தின் பெயர் என்று பலர் நினைக்கிறார்கள். அது ஒரு மென்பொருளின் பெயர். ஜெர்மனியைச் சேர்ந்த ஓய்கன் ராச்கோ என்ற இளைஞர் எழுதி 2016-ல் வெளியிட்டது, யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துத் தன் சர்வரில் நிறுவிக்கொள்ளலாம். கோயம்புத்தூர் கிரைண்டரை வாங்கி ஊர் ஊராக மாவுக் கடை போடுகிறார்கள் இல்லையா, அது போல. கிரைண்டர் ஒரே கம்பெனி, கடை ஒவ்வொன்றும் தனி. ஒரு கடையில் கொடுத்து வைத்த பாத்திரத்தை இன்னொரு கடையில் போய்க் கேட்டால் கிடைக்காது. சித்தி செய்தது இதைத்தான். மாத்ஸ்டடானும் அவர் கணக்கு வைத்திருந்த சர்வரும் ஒரே கிரைண்டர், அதனால்தான் பார்க்க ஒன்றாக இருக்கின்றன, ஆனால் அவருடைய கடவுச்சொல் அவருடைய கடைக்கு மட்டும்தான் தெரியும்.

இங்கே முகவரி இரண்டு துண்டாக இருப்பதும் இதனால்தான். ட்விட்டரில் @மலர் என்றால் உலகத்துக்கே ஒரு மலர்தான். இங்கே @மலர்@பூங்கா.சோஷியல் என்று இருக்கும் (நிஜத்தில் ஆங்கில எழுத்தில் இருக்கும், இந்தச் சர்வர் நான் சும்மா சொல்வது). முதல் பாதி ஆள், இரண்டாம் பாதி அவர் குடியிருக்கும் சர்வர். மின்னஞ்சல் முகவரி மாதிரியேதான். வேறு சர்வரில் இன்னொரு மலர் இருக்கலாம், இருவருக்கும் ஒரு சம்பந்தமும் இருக்க வேண்டியதில்லை. ஆகவே யாராவது “நான் மாஸ்டடானில் மலர் என்ற பெயரில் இருக்கிறேன்” என்று சொன்னால், எந்தத் தெரு என்று சொல்லாமல் கதவு எண்ணை மட்டும் சொல்கிறார் என்று அர்த்தம்.

சரி, சித்தியின் பிரச்சினைக்குத் தீர்வு. வேறு சர்வரில் இருக்கும் ஒருவரைப் பிடித்துப் போனால் அங்கே உள்நுழையப் பார்க்காதீர்கள். அவருடைய முழு முகவரியை, இரண்டு துண்டையும் சேர்த்து, நகலெடுத்துக்கொண்டு உங்கள் சொந்தச் சர்வருக்கு வந்து தேடல் பெட்டியில் ஒட்டுங்கள். ஆள் அங்கேயே தோன்றுவார், அங்கிருந்தபடியே பின்தொடருங்கள். இன்னொரு வழியும் உண்டு: அவர் பக்கத்தில் ‘பின்தொடர்’ அழுத்தும்போது உங்கள் சர்வர் எது என்று ஒரு பெட்டி கேட்கும், அதில் உங்கள் சர்வரின் பெயரைக் கொடுத்தால் அதுவே உங்களை வீட்டுக்குக் கொண்டுபோய் விடும். சித்தி அந்தப் பெட்டியைப் பார்த்திருக்கிறார், ‘இது ஏதோ மோசடி’ என்று மூடியும் இருக்கிறார். அவரைக் குறை சொல்ல முடியாது, சந்தேகமாக எது வந்தாலும் மூடு என்று சொல்லிக் கொடுத்ததே நான்தான்.

இதோடு முடிந்தது என்று நினைத்தேன். பத்து நிமிடத்தில் மறுபடி போன். டாவோ கிடைத்துவிட்டார், ஆனால் அதே வழியில் தேடிப் பிடித்த இன்னொரு கணித ஆசிரியரின் பக்கம் காலியாக இருக்கிறதாம். அவருடைய சொந்தச் சர்வரில் போய்ப் பார்த்தால் நூற்றுக்கணக்கில் பதிவுகள், சித்தியின் சர்வரில் ஒன்றுகூட இல்லை.

போன் உதாரணம் இங்கே படுத்துவிடுகிறது, இனிமேல் வேறு உதாரணம் வேண்டும். புதியவர்கள் ‘இது ஏதோ ஓட்டை சாமான்’ என்று கைகழுவிப் போகும் இடமும் இதுவே என்பதால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

ஊரில் ஒரு படிப்பகம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம், நாற்பது உறுப்பினர்கள். அவர்களில் ஒருவர் ஒரு மாத இதழுக்குச் சந்தா கட்டுகிறார். இதழ் அவர் வீட்டுக்கு வராது, படிப்பகத்துக்கு வந்து மேசையில் கிடக்கும். அடுத்த மாதம் இன்னும் இரண்டு பேர் அதே இதழைக் கேட்டாலும் வருவது ஒரு பிரதிதான், மூவரும் அதையே படிப்பார்கள். யாருமே சந்தா கட்டாத இதழ் அங்கே இருக்கவே இருக்காது. சந்தா கட்டிய மாதத்திலிருந்துதான் இதழ் வரும், அதற்கு முந்தையவை வேண்டுமென்றால் பத்திரிகை அலுவலகத்துக்கே போய்ப் புரட்ட வேண்டும்.

உங்கள் சர்வர்தான் அந்தப் படிப்பகம். நீங்கள் ஒருவரைப் பின்தொடர்ந்தால் உங்கள் சர்வர் அவருடைய சர்வரிடம் சந்தா கட்டுகிறது, அன்றிலிருந்து அவர் எழுதுவதன் பிரதி இங்கே வந்து சேர்கிறது. டாவோவை சித்தியின் சர்வரில் ஏற்கெனவே பலர் பின்தொடர்ந்திருக்கிறார்கள், அதனால் பழைய இதழ்கள் மேசையில் அடுக்கி இருந்தன. அந்தக் கணித ஆசிரியரைக் கேட்ட முதல் ஆள் சித்தி. பக்கம் காலியாகத்தான் இருக்கும். பின்தொடர்ந்துவிட்டுக் காத்திருந்தால் புதிய பதிவுகள் வரத் தொடங்கும், பழையவற்றைப் பார்க்க அவருடைய சொந்தப் பக்கத்தைத் திறந்துகொள்ளலாம், அதற்குக் கணக்கே தேவையில்லை.

இந்தப் படிப்பகத்தை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்ற விசித்திரங்களும் வரிசையாகப் பிடிபடும். ஒரே பதிவுக்கு இங்கே ஐந்து விருப்பம், அங்கே முப்பது என்று எண்ணிக்கை முன்பின்னாக இருப்பது ஏன்? வாசகர் கடிதங்கள் எல்லாம் பத்திரிகை அலுவலகத்துக்குப் போகின்றன, எல்லாக் கடிதமும் நம் படிப்பகத்துக்குத் தெரியாது. எழுதியதை அழித்தால் எல்லா இடத்திலும் அழியுமா? “பதினான்காம் பக்கத்தைக் கிழித்துவிடவும்” என்று அலுவலகத்திலிருந்து எல்லாப் படிப்பகங்களுக்கும் தகவல் போகும், ஒழுங்கான படிப்பகம் கிழித்துவிடும். அன்றைக்குப் பூட்டியிருந்த படிப்பகமோ வேண்டுமென்றே கிழிக்காத படிப்பகமோ இருந்தால் அந்தப் பக்கம் அங்கேயே இருக்கும். மாஸ்டடானில் உங்கள் முகப்பு ஓடையை (நீங்கள் பின்தொடர்கிறவர்களின் பதிவுகள் வரிசையாக வரும் இடம்) தவிர வேறு இரண்டு ஓடைகள் தெரிகிறதே, அவை என்ன? ஒன்று உங்கள் படிப்பக உறுப்பினர்களே எழுதியவை. மற்றது மேசையில் கிடக்கும் அத்தனை இதழ்களும், அதாவது உங்கள் சர்வரில் யாரோ ஒருவர் பின்தொடர்வதால் வெளியிலிருந்து வந்து சேர்ந்தவை. சின்னச் சர்வரில் அது நிதானமாகச் சொட்டும், பெரிய சர்வரில் கண் வலிக்கும் வேகத்தில் ஓடும்.

அப்புறம் வெறுமை. 2019 நவம்பரில், உச்ச நீதிமன்ற மூத்த வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேயின் ட்விட்டர் கணக்கு முடக்கப்பட்டபோது இந்தியாவிலிருந்து நிறையப் பேர் கோபத்தோடு மாஸ்டடானுக்கு வந்தார்கள். 2022 அக்டோபரில் ஈலான் மஸ்க் 4,400 கோடி டாலருக்கு ட்விட்டரை வாங்கியபோது அதைவிடப் பெரிய அலை உலகம் முழுவதிலிருந்தும் வந்தது. இரண்டு முறையும் வந்தவர்களில் பலர் திரும்பிப் போய்விட்டார்கள். கொள்கை பிடிக்காமல் போனதாக எனக்குத் தோன்றவில்லை, முதல் நாள் முகப்பு காலியாக இருந்ததுதான் காரணம் என்று நினைக்கிறேன். மற்ற தளங்களில் நீங்கள் நுழைந்த நொடியே அல்காரிதம் ஒரு தட்டு நிறையப் பரிமாறிவிடும், வேண்டுமா என்றுகூடக் கேட்காது. இங்கே பரிமாற ஆள் இல்லை. நீங்கள் பின்தொடர்கிறவர்கள் எழுதியது, எழுதிய நேர வரிசையில் வரும், யாரையும் பின்தொடரவில்லை என்றால் ஒன்றுமே வராது.

ஆகவே முதல் நாளே முப்பது நாற்பது பேரைத் தாராளமாகப் பின்தொடருங்கள், பிடிக்காவிட்டால் பிறகு கழற்றிவிடலாம். ஆட்களைத் தெரியாவிட்டால் ஹேஷ்டேகைப் பின்தொடரலாம், இந்த வசதி 2022-லிருந்து மாஸ்டடானில் இருக்கிறது. தமிழ், பறவைகள், சமையல், எது வேண்டுமோ அதை. உங்கள் பதிவு முன்பின் தெரியாதவர்களிடம் போய்ச் சேரவும் ஹேஷ்டேக்தான் வழி. இன்னொரு முக்கியமான பழக்கம்: நட்சத்திரத்தைத் தட்டினால் எழுதியவருக்கு மகிழ்ச்சி, அதோடு சரி, அதனால் பதிவு உங்களைப் பின்தொடர்கிறவர்களின் முகப்புக்குப் போகாது. பரவ வேண்டுமானால் பகிர வேண்டும், மாஸ்டடானில் அதை பூஸ்ட் என்பார்கள். மற்ற இடங்களில் லைக் போட்டே பழகியவர்கள் இங்கே வந்து நட்சத்திரமாகக் கொட்டிவிட்டு, ‘நல்ல பதிவு, யாருக்கும் போய்ச் சேரவில்லையே’ என்று வருத்தப்படுவார்கள்.

இதையெல்லாம் யார் கட்டுப்படுத்துகிறார்கள் என்று சித்தி கேட்டார், கேட்க வேண்டிய கேள்விதான். ‘மாநிலத்தில் சுயாட்சி, மத்தியில் கூட்டாட்சி’ என்று அரை நூற்றாண்டாகச் சுவரெழுத்துப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம், இதில் பாதி நமக்குச் சுலபமாகவே புரியும். மாநிலத்தில் சுயாட்சி இருக்கிறது, மத்தி என்று ஒன்று கிடையவே கிடையாது. ஒவ்வொரு சர்வருக்கும் அதன் நிர்வாகி வைத்ததுதான் சட்டம். விளம்பரம் போடக் கூடாது, வெறுப்புப் பேச்சு கூடாது, சிலவற்றில் குறிப்பிட்ட மொழியில்தான் எழுத வேண்டும் என்றுகூட இருக்கும். மீறினால் அந்தச் சர்வரிலிருந்து நீக்கலாம், ஃபெடிவர்ஸிலிருந்தே நீக்க யாராலும் முடியாது. சரி, ஒரு சர்வர் முழுக்கவே விஷமிகள் குடியேறினால்? 2019-ல் அது நடந்தது. வெறுப்புப் பேச்சுக்குப் பேர்போன கேப் என்ற அமெரிக்கத் தளம் மாஸ்டடான் மென்பொருளுக்கு மாறியது. மென்பொருள் எல்லோருக்கும் பொது, எடுக்காதே என்று தடுக்க வழியில்லை. ஆனால் ஒவ்வொரு சர்வராக ‘உன்னோடு பேச்சுவார்த்தை கிடையாது’ என்று தொடர்பைத் துண்டித்தார்கள், கேப் தனித்தீவாக நின்றது. மேலிருந்து உத்தரவு எதுவும் வரவில்லை, ஊர் சேர்ந்து தண்ணீர் புழங்குவதை நிறுத்திக்கொண்ட மாதிரி. நம் ஊர்களில் இந்த ஆயுதம் யார்மீதெல்லாம் பாய்ந்திருக்கிறது என்று தெரிந்தவர்களுக்கு இந்த உதாரணம் உறுத்தும், உறுத்துவது நல்லதுதான், ஏனென்றால் இங்கேயும் நிர்வாகிகளுக்குள் சண்டை வந்து ஒரு சர்வர் இன்னொன்றை வெட்டிவிட, இரு பக்கத்திலும் இருந்த நண்பர்கள் காரணமே தெரியாமல் பிரிந்துபோவதும் நடக்கிறது.

ஒரு எச்சரிக்கையைக் கட்டாயம் சொல்ல வேண்டும். மாஸ்டடானின் தனிச்செய்தியில் ரகசியம் எதுவும் எழுதாதீர்கள். அது வாட்ஸாப் மாதிரி பூட்டி அனுப்பப்படுவதில்லை, இரு பக்கச் சர்வர் நிர்வாகிகளும் நினைத்தால் படிக்க முடியும். அதைவிடச் சுவாரசியமான ஆபத்து ஒன்று உண்டு: தனிச்செய்தியில் மூன்றாவது ஆளைப் பற்றிப் புறம் பேசும்போது அவருடைய பெயரை @ குறியோடு முழு முகவரியாக எழுதிவிட்டால் செய்தி அவருக்கும் போய்விடும். குறியைச் சேர்த்ததே அவரையும் அழைத்ததாகக் கணக்கு. உறவுகள் முறிய இது ஒன்று போதும்.

இதுவரை மாஸ்டடானையே பேசினேன், ஆனால் இந்தப் பொது மொழியைப் பேசும் மென்பொருள்கள் இன்னும் இருக்கின்றன. படங்களுக்கு பிக்ஸெல்ஃபெட், ரெடிட் மாதிரி குழு விவாதத்துக்கு லெம்மி, வீடியோவுக்கு பிரான்ஸின் ஃப்ராமாசாஃப்ட் என்ற அமைப்பு உருவாக்கிய பியர்டியூப். இதில் அழகு என்னவென்றால் பியர்டியூபில் வீடியோ போடுகிறவரை மாஸ்டடானிலிருந்தே பின்தொடரலாம், நீங்கள் மாஸ்டடானில் எழுதும் பதில் அங்கே வீடியோவுக்குக் கீழே கருத்தாகப் போய் உட்கார்ந்துகொள்ளும். யூடியூப் வீடியோவுக்கு இன்ஸ்டகிராமிலிருந்தே கருத்து எழுதுவதைக் கற்பனை செய்து பாருங்கள். வேர்ட்பிரஸ் வலைப்பூவுக்கும் இதற்கான செருகுநிரல் இருக்கிறது, போட்டுக்கொண்டால் உங்கள் வலைப்பூவையே ஆட்கள் பின்தொடரலாம். மெட்டாவின் த்ரெட்ஸும் 2024-லிருந்து அரைக்கதவைத் திறந்து வைத்திருக்கிறது, அங்கே அமைப்புகளில் போய் இந்த வசதியை இயக்கியவர்களை மட்டும் இங்கிருந்து பின்தொடரலாம். ட்விட்டர் மாதிரியான இன்னொரு தளமான புளூஸ்கையும் இதே குடும்பம் என்று நினைக்காதீர்கள், அது பேசும் மொழி வேறு, இடையில் மொழிபெயர்க்க ஒரு பாலம் வேண்டும்.

கடைசியில் வைத்திருப்பது, எல்லோரும் முதலில் கேட்பது: எந்தச் சர்வரில் சேர்வது? இதற்காக ஒரு வாரம் ஆராய்ச்சி செய்துவிட்டுச் சேராமலே விட்டவர்களை எனக்குத் தெரியும். அதிகம் யோசிக்காதீர்கள். எல்லோரும் ஒரே பெரிய சர்வரில் குவிந்தால் கூட்டமைப்பு எதற்கு என்று விவரமானவர்கள் கண்டிப்பார்கள், அது கொள்கையளவில் சரிதான், ஆனால் நீச்சல் தெரியாதவரிடம் எந்தக் குளம் நல்லது என்று கேட்டு என்ன பயன்? மாஸ்டடான்காரர்களே 2023-ல் தங்கள் செயலியில் இதற்குப் பணிந்து, தேர்ந்தெடுக்கத் தெரியாதவர்களைத் தங்களுடைய மாஸ்டடான்.சோஷியல் சர்வரிலேயே சேர்த்துக்கொள்ளும்படி மாற்றினார்கள். நீங்களாகத் தேர்ந்தெடுப்பதானால் ‘பற்றி’ பக்கத்தைப் படித்து, யார் நடத்துகிறார்கள், எத்தனை வருடமாக, பணம் எங்கிருந்து வருகிறது என்று மட்டும் பாருங்கள். பெரும்பாலானவை நன்கொடையில்தான் ஓடுகின்றன, நிர்வாகி சலித்துப்போய்க் கடையை மூடுவதும் உண்டு.

தவறாகத் தேர்ந்தெடுத்துவிட்டாலும் மாறிக்கொள்ளலாம் என்பதுதான் ஆறுதல். அது முழு ஆறுதல் இல்லை. போனில் கம்பெனி மாறினாலும் எண் மாறாது, இங்கே முகவரியின் இரண்டாம் பாதி மாறிவிடும். உங்களைப் பின்தொடர்கிறவர்களைப் புதிய முகவரிக்குத் தானாகவே அழைத்துச் செல்லலாம், நீங்கள் பின்தொடர்கிறவர்களின் பட்டியலை ஒரு கோப்பாக இறக்கி அங்கே ஏற்றிக்கொள்ளலாம். எழுதிய பதிவுகள் மட்டும் பழைய வீட்டிலேயே தங்கிவிடும். ஒருமுறை மாறினால் அடுத்த முப்பது நாளைக்கு மறுபடி மாற முடியாது, அடிக்கடி வீடு மாற்றுகிறவர்களுக்கு அந்தக் கட்டுப்பாடு தேவைதான்.

சித்தி இரண்டு மாதம் கழித்து வீடு மாறினார். டாவோவின் பதிவில் சமன்பாடுகள் வரும் இடத்தில் எல்லாம் அவருக்கு அடைப்புக்குறியும் சாய்கோடுமாகத் தெரிந்துகொண்டிருந்தன. அது லாடெக் என்ற எழுத்துமுறை, மாத்ஸ்டடான் சர்வர் கணிதர்களுக்கானது என்பதால் அதை அழகான சமன்பாடாக மாற்றிக் காட்டும், சித்தியின் சர்வருக்கு அந்த வித்தை தெரியாது, வந்த பிரதியை வந்தபடியே காட்டியது. “டாவோ இப்படியாடா எழுதுவார், எங்க ஒன்பதாம் வகுப்புப் பையன்கூட இதைவிட நல்லா எழுதுவான்” என்றார். காரணத்தைச் சொன்னேன். அப்படியானால் அங்கேயே போய்விடலாம் என்றார். இந்த முறை நான் ஒன்றும் செய்யவில்லை, போனில் ம் கொட்டியதோடு சரி. புதுக் கணக்கில் பழைய முகவரியைச் சேர்த்து, பழைய கணக்கிலிருந்து ‘மாற்று’ அழுத்தி, பதினோரு பின்தொடர்வோரும் வந்துவிட்டார்களா என்று எண்ணிப் பார்த்ததும் அவரேதான்.

ராத்திரி ஒன்பதரைக்கு மறுபடி போன். “டேய், வர்க்கமூலத்துக்கு மேல கோடு ஒழுங்கா வருதுடா.”